மலை ஏறிய கால்களுக்கும் பயிற்சி வேண்டும்

நுவரெலியாவிலிருந்து கண்டப்பளை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் பாதையில் அமைந்துள்ளது ராகலை. சென் லெனாட்ஸ், லிடஸ்டேல் என்று அதைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இடையிடையே லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகள். இப்பகுதியின் மாதர் கூட்டங்களில் எலும்பு நலனைப் பற்றிப் பேச்செடுத்தால் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. “முப்பது வருசம் மலை ஏறிக் கொழுந்தெடுத்தவளுக்கு உடற்பயிற்சி எதற்குச் சாமி?”

இது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியல்ல. காலையில் பெரட்டுக் களத்துக்குச் சென்று, அங்கிருந்து மலைக்கு ஏறி, படங்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நின்று, நிறுவைக்காகக் கூடையைச் சுமந்து இறங்கி, மறுபடியும் ஏறும் ஒரு பெண்ணைப் பார்த்து “உடலை அசையுங்கள்” என்று உபதேசிப்பது கேலியாகவே தோன்றும். உடற்பயிற்சி என்பது நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் பட்டணத்தாருக்கு உரியது என்ற எண்ணம் நம் மத்தியில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால், வேலை வேறு, பயிற்சி வேறு. மாதவிடாய் நின்ற பின் எலும்புக்கு நேர்வது என்ன, எலும்பு எத்தகைய பாரத்துக்குப் பதிலளிக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் இந்த வேறுபாடு விளங்கும்.

உடலின் சேமலாப நிதி

எலும்பு கல்லோ கட்டையோ அல்ல, உயிருள்ள உறுப்பு. ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பைக் கரைத்து அகற்றுகின்றன. இன்னொருவகைக் கலங்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. ஏறத்தாழ முப்பது வயது வரை கட்டுவது கூடுதல், கரைவது குறைவு. அதன் பின் இரண்டும் சில காலம் ஒத்துப்போகின்றன. இதை உடலின் சேமலாப நிதி எனலாம். இளமையில் எவ்வளவு சேர்ந்ததோ அதை வைத்துத்தான் முதுமையைக் கழிக்க வேண்டும்.

ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது. சூலகங்கள் ஈஸ்திரோஜன் என்னும் சுரப்பைத் தருவது பெரிதும் குறைகிறது. எலும்பு அளவுக்கு மீறிக் கரையாமல் காவல் காத்தது இந்தச் சுரப்பே. காவல் போனதும் கரைவது வேகமடைகிறது. முதல் சில ஆண்டுகளில் முள்ளந்தண்டு எலும்பின் அடர்த்தி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது. பின்னர் வேகம் தணிந்தாலும் இழப்பு நிற்பதில்லை.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், பெண்கள் 50 வயதிலேயே தம் சேமிப்பைப் பெற்றுக்கொள்ள இடமளித்தது. பணச் சேமிப்பு கைக்கு வரும் அதே வயதில் எலும்பின் சேமிப்பு கரையத் தொடங்குகிறது. முதலாவதற்குப் படிவமும் கையொப்பமும் உண்டு. இரண்டாவது எவருக்கும் தெரியாமல் நடக்கிறது.

எலும்பு இவ்வாறு மெலிந்து துளைவிழும் நிலையை எலும்புப்புரை என்கிறோம். ஒஸ்டியோபொரோசிஸ் என்று டொக்டர்கள் சொல்வது இதைத்தான். முழங்கால் வலியையும் மூட்டுத் தேய்வையும் இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. மூட்டுத் தேய்வு வலிக்கும்; எலும்புப்புரை முறியும் வரை வலிப்பதில்லை. முதலில் முறிவது பெரும்பாலும் மணிக்கட்டு. அடுத்து முள்ளந்தண்டின் எலும்புகள் நசுங்கி உடல் குறுகிக் கூன் விழுகிறது. கடைசியாக, எல்லாவற்றிலும் கொடியதான இடுப்பெலும்பு முறிவு. “வயது போய்விட்டது, கூனிவிட்டாள்” என்று நாம் சொல்லி விட்டுவிடும் பல தாய்மாருக்கு முள்ளந்தண்டில் முறிவு ஏற்பட்டிருக்கக்கூடும்.

இங்கு ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேசன் செய்துகொண்டதால் எலும்பு கரைவதில்லை. அதில் குழாய்கள் மட்டுமே துண்டிக்கப்படுகின்றன, சுரப்பு தொடர்கிறது. ஆனால், கருப்பையோடு இரு சூலகங்களையும் அகற்றும் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அன்றிலிருந்தே இந்த இழப்பு தொடங்கிவிடும். வயது நாற்பதாயினும் அவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

சேவல் சொன்ன பாடம்

பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூலியஸ் வூல்ஃப் 1892ஆம் ஆண்டில் ஒரு விதியாக எழுதி வைத்தார். டெனிஸ் வீரரின் பந்தடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையினதை விடத் தடித்திருக்கிறது. பாரமே இல்லாத விண்வெளியில் தங்கும் வீரர்கள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இடுப்பெலும்பின் அடர்த்தியை இழக்கிறார்கள். ஆக, பாரம் எலும்புக்கு உணவு.

அப்படியானால் கொழுந்துக் கூடை போதாதா? இதற்கு விடை தரும் ஓர் ஆராய்ச்சி 1984இல் வெளிவந்தது. கிளின்டன் ரூபின், லான்ஸ் லான்யன் ஆகிய இருவரும் சேவல்களின் சிறகு எலும்பில் அளவிட்ட பாரத்தை ஏற்றிப் பார்த்தார்கள். பாரமே ஏற்றாத எலும்பு மெலிந்தது. நாளுக்கு நான்கு தடவை ஏற்றியபோது எலும்பு மெலியாமல் நின்றது. 36 தடவை ஏற்றியபோது எலும்பு வளர்ந்தது. நாளுக்கு 1,800 தடவை ஏற்றியபோதோ 36 தடவையில் கிடைத்ததற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை!

அதாவது, ஒரே மாதிரியான பாரத்தை எலும்பு சிறிது நேரத்துக்குத்தான் கவனிக்கிறது. பிறகு அதற்குக் காது கொடுப்பதில்லை. கொழுந்தெடுக்கும் பெண் நாளெல்லாம் ஆயிரக்கணக்கான அடிகள் எடுத்து வைக்கிறாள். அந்த நடை அவளது இருதயத்துக்கும் கால்களுக்கும் நல்லதுதான். ஆனால், முப்பது ஆண்டுகளாக அதே மலை, அதே நடை, அதே பாரம். எலும்பு அதற்குப் பழகிவிட்டது. நடை மட்டும் முள்ளந்தண்டின் அடர்த்தியைக் கூட்டுவதில்லை என்றே மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளும் காட்டுகின்றன. எலும்பைத் தட்டி எழுப்ப, வழக்கத்தை விடச் சற்றுக் கூடிய, வேறு திசையிலிருந்து வரும், படிப்படியாக ஏறும் பாரம் தேவை. அதுவும் சிறிது நேரமே தேவை. வேலைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. வேலை நம்மிடமிருந்து எடுப்பதற்காக அமைக்கப்பட்டது. பயிற்சி நமக்குத் தருவதற்காக அமைக்கப்படுவது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. வேலையை விட்டதும் இந்தப் பழகிய பாரமும் போய்விடுகிறது. காம்பிராவில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அடுப்படிக்கும் இஸ்தோப்புக்கும் இடையே வாழ்க்கை சுருங்குகிறது. சுரப்பும் குறைந்து பாரமும் குறைந்த இக்காலமே மிக ஆபத்தானது.

குனிவதா, நிமிர்வதா?

கூடைக் கயிறு தலையில் தொங்கும்போது பாரத்தைச் சமாளிக்கக் கழுத்தும் மேல்முதுகும் முன்னோக்கி வளைகின்றன. புல் வெட்டும்போதும், மரக்கறித் தோட்டத்தில் கைக்காசுக்குக் களை பிடுங்கும்போதும், பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் குனிவதே வழக்கம். முதுகை நிமிர்த்தும் தசைகளுக்கு வேலை மிகக் குறைவு.

இது ஏன் முக்கியம்? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டொக்டர் மெஹர்ஷித் சினாக்கியும் அவரது சகாவும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முள்ளந்தண்டில் எலும்புப்புரை கண்ட 59 பெண்கள் அதில் பங்குகொண்டார்கள். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்த 25 பேரில் 4 பேருக்கே முள்ளந்தண்டில் புதிய நசிவு ஏற்பட்டது. முன்னோக்கிக் குனியும் பயிற்சி செய்த 9 பேரில் 8 பேருக்கு ஏற்பட்டது. பயிற்சியே செய்யாத 6 பேரில் 4 பேருக்கு ஏற்பட்டது. எண்ணிக்கை சிறியதுதான், ஆயினும் அதன் படிப்பினை தெளிவானது. தவறான பயிற்சி, பயிற்சியின்மையிலும் நல்லதல்ல. எனவே மெலிந்த எலும்புள்ள தாய்மார், பள்ளிக்கூடத்தில் கற்ற மாதிரி குனிந்து கால்விரலைத் தொடுவதும், படுத்திருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும், பாரத்தோடு இடுப்பைத் திருகுவதும் கூடாது.

எவ்வளவு பயன் கிடைக்கும்?

மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற 4,320 பெண்கள் பங்குகொண்ட 43 ஆய்வுகளை 2011இல் கொக்ரேன் அமைப்பு ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. பயிற்சியால் எலும்பின் அடர்த்திக்குக் கிடைக்கும் பயன் சிறியது, ஆனால் உண்மையானது என்பது அதன் முடிவு. இடுப்பெலும்பின் கழுத்துக்குத் தசை வலுவூட்டும் பயிற்சியும், முள்ளந்தண்டுக்குப் பலவகைப் பயிற்சிகளின் கலப்பும் கூடிய பயன் தந்தன.

அவுஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் செய்யப்பட்டு 2018இல் அச்சான ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வாரத்துக்கு இரு நாள், அரை மணி நேரம், பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் கனமான பாரம் தூக்கியவர்களுக்கு எட்டு மாதத்தில் முள்ளந்தண்டின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பாரம் ஏற ஏறவே பயன் என்பதற்கு இது சான்று. கண்காணிப்பு இல்லாத இடத்தில் அவ்வளவு கனத்தைத் தூக்கச் சொல்ல முடியாது. ஆனால், இலேசானதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடக்கூடாது என்ற பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றை விடப் பெரிய பயன் வேறொன்று உண்டு. இடுப்பெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுவதாலேயே ஏற்படுகின்றன. 108 ஆய்வுகளில் 23,407 முதியோரைப் பற்றி 2019இல் வெளிவந்த தொகுப்பின்படி, பயிற்சி விழும் தடவைகளை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது. அதிலும் சமநிலைப் பயிற்சியே முக்கியமானது. ஆகவே எலும்பு தடிக்கும் வேகம் குறைவாயிருந்தாலும், விழாமல் நிற்கும் கால் எலும்பைக் காக்கும்.

இஸ்தோப்பில் செய்யக்கூடியவை

கருவிகள் வேண்டியதில்லை. சுவர், வாசற்படி, பெஞ்சு, இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள் போதும். முதல் ஆறையும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். மூச்சை அடக்காமல் இயல்பாக விட வேண்டும்.

1. சுவரோடு நிமிர்தல்: குதிகால், பிட்டம், தோள் ஆகியவை சுவரில் படும்படி நின்று, தலையின் பின்பக்கத்தையும் சுவரில் படவைக்க முயல வேண்டும். நாடி மேலே போகக்கூடாது. ஐந்து எண்ணும்வரை நிற்க வேண்டும்.

2. முதுகு நிமிர்த்தல்: பாயில் குப்புறப் படுத்து, வயிற்றின் கீழ் ஒரு தலையணை வைத்து, கைகள் பக்கவாட்டில் இருக்க, நெஞ்சைச் சிறிது மட்டும் உயர்த்தி இறக்க வேண்டும். குப்புறப் படுக்க முடியாதவர்கள் பெஞ்சில் அமர்ந்து, முழங்கைகளைப் பின்னுக்கு இழுத்துத் தோள்பட்டைகளை நெருக்கலாம்.

3. எழுந்து அமர்தல்: பெஞ்சிலிருந்து கையூன்றாமல் எழுந்து, மெதுவாக அமர வேண்டும். தொடையும் இடுப்பும் வலுப்பெறும். கையூன்றாமல் எழ முடியாதவர்கள் முதலில் ஊன்றியே தொடங்கலாம்.

4. குதிகால் உயர்த்தல்: சுவரைப் பிடித்து நின்று, விரல் நுனியில் எழும்பி இறங்க வேண்டும்.

5. படி ஏறல்: வாசற்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்க வேண்டும். பின்னர் மற்றக் கால். பிடித்துக்கொள்ள ஏதாவது அருகில் இருக்க வேண்டும்.

6. சுவரைத் தள்ளல்: ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடித்து நெஞ்சைச் சுவருக்கு அருகே கொண்டுபோய்த் தள்ளி வர வேண்டும். மணிக்கட்டுக்கும் தோளுக்கும் இது பாரம் தரும்.

7. ஒற்றைக்கால் நிற்றல்: சுவருக்கு அருகில் நின்று ஒரு காலை உயர்த்திப் பத்து எண்ண வேண்டும். பழகப் பழக முப்பது வரை போகலாம். இதைத் தினமும் செய்யலாம். றொட்டி வேகும் நேரம் போதும்.

இரண்டு மூன்று வாரம் சென்றதும் ‘இது இலகு’ என்று தோன்றினால் பாரத்தைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். எழுந்து அமரும்போதும் படி ஏறும்போதும் இரு கைகளிலும் அரைப் போத்தல் தண்ணீர், பிறகு முழுப் போத்தல், அதன்பின் மணல் நிரப்பிய போத்தல் என்று ஏற்றலாம். கடைசி இரண்டு தடவை சற்றுச் சிரமமாக இருப்பதே சரியான அளவு.

பயிற்சியை நிறுத்தினால் கிடைத்த பயனும் மெல்லக் கரையும். எனவே ஒருவர் தனியே செய்வதை விட, லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்வது நிலைக்கும். மற்ற நேரங்களில் தண்ணீர்க் குடத்தையோ விறகையோ பிள்ளையையோ தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, பாரத்தை உடலோடு அணைத்துத் தூக்குவதும் ஒரு பயிற்சியே.

முதலில் டொக்டரிடம் செல்ல வேண்டியவர்கள்

சிறிய விழுகையிலேயே எலும்பு முறிந்தவர்கள், திடீரென்று கடும் முதுகுவலி கண்டவர்கள், இளமையில் இருந்ததிலும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயரம் குறைந்தவர்கள், நெஞ்சுவலி அல்லது தலைச்சுற்று உள்ளவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசொலோன் மாத்திரையை மாதக்கணக்கில் குடிப்பவர்கள் ஆகியோர் முதலில் வைத்திய ஆலோசனை பெற வேண்டும். பிரெட்னிசொலோனைத் தாமாக நிறுத்திவிடக்கூடாது, அதுவும் ஆபத்து. முறிவு ஏற்கெனவே ஏற்பட்டவர்களுக்குப் பயிற்சி மட்டும் போதாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள் உள்ளன. அலெண்ட்ரொனேட் போன்றவற்றை வாரத்துக்கு ஒருமுறை குடித்தால் போதும்.

1996இல் இலங்கையில் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக், 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கானது. பிரசவ காலம் முடிந்ததும் கிளினிக்கோடு நமக்கு இனித் தொடர்பில்லை என்று எண்ணும் தாய்மார், இதைப் பற்றி மருத்துவமாதுவிடம் கேட்டு அறிய வேண்டும். உயரம் குறைந்தது, கூன் விழுந்தது, விழுந்தெழுந்தது ஆகியவற்றை அங்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

உணவும் வெயிலும்

செங்கல் இல்லாமல் கொத்தனாரை மட்டும் வரவழைத்துப் பயனில்லை. பயிற்சி கொத்தனார் என்றால் கல்சியமும் புரதமும் செங்கல். நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கல்சியம் தேவை. கோதுமை மா றொட்டியும் சம்பலும் வெறும் தேநீரும் இதைத் தரமாட்டா. 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாடு, ஒரு கோப்பை பால் அல்லது தயிர், கீரை, பருப்பு, முட்டை ஆகியவற்றில் இயன்றதைச் சேர்க்க வேண்டும். உடல் மெலிந்த பெண்ணுக்கு எலும்பு முறியும் ஆபத்துக் கூடுதல் என்பதால், பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு மிச்சத்தைத் தாய் உண்ணும் பழக்கம் மாற வேண்டும். பனிமூட்டம் விலகும் வேளையில் முகத்திலும் கைகளிலும் சிறிது வெயில் படுவது விற்றமின் டி கிடைக்க உதவும்.

“வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போடுகிறோமே, அது எலும்புக்குப் போதாதா?” என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சுண்ணாம்பை நம்பியிருக்க முடியாது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது.

படிக்கட்டும் பொறுப்பும்

மேலே சொன்னவை எல்லாம் தாய்மார் தாமே செய்துகொள்ள வேண்டியவை. ஆனால் எல்லாப் பொறுப்பையும் அவர்கள் தலையிலேயே ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நீதியல்ல. லயத்திலிருந்து மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் உடைந்த சீமெந்துப் படி, பாசி பிடித்த கல், இருட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாத சரிவு இருக்குமானால், ஒற்றைக்காலில் முப்பது எண்ணப் பழகிய தாயும் ஒரு மழைநாளில் வழுக்கி விழத்தான் செய்வார். இடுப்பு முறிந்த முதியவரைச் சரிவான தோட்டப் பாதையில் இறக்கி நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்ப்பது எத்தகைய பாடு என்பதையும், அதன் பின் அவரைப் பராமரிக்க மகளோ மருமகளோ வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், ஒரு கைப்பிடிக் கம்பி எவ்வளவு மலிவானது என்பது புரியும்.

மலையகப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்ததே 1984இல்தான். அவளது உழைப்பை நிறுப்பதற்குத் தராசு இருந்தது. அவளது எலும்பில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க எவரும் இருக்கவில்லை. எனவே ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் சங்கமும் முதியோர் சங்கமும் சேர்ந்து, முதியோர் வழுக்கி விழுந்த இடங்களை முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். எந்தப் படி, எந்தச் சரிவு, எந்த விளக்கு என்று குறித்து, அதைத் தோட்ட நிர்வாகத்துக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், பிரதேச சபைக்கும் கையொப்பத்தோடு கொடுக்க வேண்டும். பதில் வரும்வரை காத்திராமல் சிரமதானமாகச் செய்யக்கூடியதைச் செய்துவிட வேண்டும்.

பயிற்சியைத் தொடங்கவும் ஓர் எளிய வழி உண்டு. சங்கம் கூடும் நாளில் கூட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடத்தை இதற்கென ஒதுக்குங்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை மேலே உள்ள ஏழையும் வாசிக்க, மற்றவர்கள் செய்யலாம். அன்றே ஒவ்வொருவரின் உயரத்தையும் சுவரில் பென்சிலால் குறித்துப் பெயரையும் திகதியையும் எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சுவரில் நிறுத்திப் பாருங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால் அந்தத் தாயைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டியது சங்கத்தின் கடமை.